வெயிலுகந்தாளின் மண்டகப்படி

கதைகளில் வருகிற ராஜாக்கள் காலையில் எழுந்ததும் மாதம் மும்மாரி பெய்கிறதா என்று மந்திரியைக் கேட்பார்கள். எங்கள் முள்ளுச்செவலுக்கு அப்படி ஒரு ராஜா வந்து கேட்டிருந்தால் அவரை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பியிருப்போம், ஏனென்றால் மழை பெய்யாமல் இருந்ததுதான் எங்களுக்குச் சோறு போட்டது. விவசாயம் பார்த்த எங்கள் தாத்தாக்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே செத்துப்போனார்கள்; அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதே வானத்தைப் பார்த்து, இது குச்சி காயவைக்க ஆன வெயில் என்று கண்டுகொண்டு, பதினாறு தீப்பெட்டி ஆபீஸ் வைத்தார்கள். மருந்தில் முக்கிய குச்சி காய வேண்டும், பசை தடவிய பெட்டி காய வேண்டும், லேபில் காய வேண்டும். இவை எல்லாம் காய்ந்தால்தான் எங்கள் வீட்டு உலையில் தண்ணீர் கொதிக்கும். ஐப்பசியில் நாலு நாள் தூறும். அந்த நாலு நாளும் ஆபீசுக்கு லீவு விட்டுவிட்டு, கறி எடுத்துச் சாப்பிட்டுத் தூங்குவோம்.

என் பெயர் பேச்சிமுத்து. அய்யலுசாமி முதலாளியின் ஆபீசில் லேபில் பிரிவுக்கு மேஸ்திரி. என் பிரிவில் நாற்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து லேபில் ஒட்டுவார்கள். அதில் கிழக்குச் சுவர் ஓரமாக உட்காருகிறவள் வெயிலுகந்தாள், அவளுக்குப் பக்கத்தில் தாயம்மா. வெயிலுகந்தாளுக்கு முப்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் சங்கரலிங்கம் வீட்டில் இருந்தாள். அவளுக்கென்று ஒரு தகரப்பெட்டியும் நாலு சேலையும்தான் சொந்தம், ஆனால் சந்தோஷப்படுவதற்கு மட்டும் அவளுக்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது, எங்கிருந்துதான் கிடைத்ததோ, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஹாக்கி நடந்தால் இடதுபக்கக் கோட்டோரம் செம்மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பதினொரு பேரின் பெயரும் தெரியும், எவனுக்குக் கணுக்கால் சுளுக்கியிருக்கிறது, எவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்பது வரைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை படம் மாற்றினால் சனிக்கிழமை மேட்னிக்கு முதல் பெஞ்சில் இருப்பாள். கதாநாயகி அழுவதற்கு முன்னால் இவள் அழுதுவிடுவாள். மத்தியானம் இரண்டு மணிக்கு ரேடியோவில் பாட்டு வந்தால், பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் வருகிற வயலினை எல்லாம் வாயாலேயே வாசிப்பாள், பசைக் குச்சி தாளம் போடும், பக்கத்தில் இருக்கிற தாயம்மாவின் முகமெல்லாம் பசை தெறிக்கும். பங்குனி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். விடிந்ததும் கண்மாய்க் கரையில் ஒரு நடை போய்விட்டு, எந்த வேம்பு பூத்திருக்கிறது, எந்தப் புங்கை தளிர் விட்டிருக்கிறது, குயில் எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டது என்று, சொந்த மாடு கன்று போட்ட மாதிரி ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவாள். "ஒனக்கு என்ன ஏக்கரா கணக்கா தோப்பா இருக்கு?" என்று தாயம்மா கேலி செய்வாள். "பாக்குறதுக்குப் பட்டா வேணுமா?" என்பாள் இவள்.

அந்தப் பங்குனியில்தான் கோப்பைப் போட்டியின் கடைசி ஆட்டம். முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது எங்கள் லெப்ட் அவுட் ஞானதுரை கோட்டை ஒட்டியே பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, கோணமே இல்லாத இடத்திலிருந்து மட்டையைத் திருப்பிப் பிடித்து ஒரு அடி அடித்தான். பந்து வலையில் விழுந்தது. வெயிலுகந்தாள் எழுந்து நின்று, கத்தக்கூட இல்லை, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சும்மா நின்றாள், அப்போது ஒரு மேகம்கூட இல்லாத வானத்திலிருந்து மழை கொட்டியது. நனைந்துகொண்டேதான் கோப்பை வாங்கினோம். பதினாறு ஆபீஸ் முற்றத்திலும் காயப்போட்டிருந்த குச்சி அத்தனையும் தலை கரைந்து சிவப்புத் தண்ணீராகத் தெருவில் ஓடியது.

அடுத்த சனிக்கிழமை மேட்னி முடிகிற நேரத்தில் ஒரு மழை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று போட்டார்கள், அதன் இரண்டாம் சரணத்தில் ஒரு மழை. வாகை பூத்த அன்றைக்குக் காலையில் ஒரு மழை. ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது தாயம்மா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள், "அண்ணாச்சி, வேடிக்கை பாத்தீயளா? மழைக்கு முன்னால நம்ம வெயிலுக்கு முன்னங்கை மயிரெல்லாம் குத்திட்டு நிக்கும். நாலு தடவையும் பாத்துட்டேன்." அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

முதலாளி வெயிலுகந்தாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, டேப்பில் ஒரு பாட்டைப் போட்டார். அவள் முதலில் பயந்துகொண்டு விரலைப் பிசைந்தாள். பிறகு பாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. கை சிலிர்த்தது, ஜன்னலுக்கு வெளியே மழை இறங்கியது. முதலாளி டேப்பை நிறுத்தினார், மழை நின்றது. திரும்பப் போட்டார், திரும்பப் பெய்தது. "அப்ப சரிதான்" என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்களுக்கு நனைந்த குச்சிகளைப் பற்றிய கவலை இருந்தது, ஆச்சரியத்துக்கு நேரம் இல்லை.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. வெயிலுகந்தாளையும் வரச்சொல்லி ஓரமாக உட்காரவைத்திருந்தோம். அவளுடைய அண்ணன் சங்கரலிங்கம்தான் முதலில் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எங்கயாவது தள்ளி ஒரு ஊர்ல கட்டிக் குடுத்துருதேன் மொதலாளி" என்றான்.

"அங்க போயி அவ சிரிச்சா மழை அங்க பெய்யுமா, இங்க பெய்யுமா? ஒனக்குத் தெரியுமா?" என்றார் முதலாளி. "கண்ணு முன்னால இருக்கட்டும்யா."

பள்ளிக்கூட வாத்தியார் நல்ல மனுஷர். ஐப்பசியில் எப்படியும் லீவுதானே, அதுவரைக்கும் பொறுத்திருந்து அந்த நாலு நாளில் மொத்தமாகச் சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டுமே என்றார்.

வெயிலுகந்தாள் தலையைத் தூக்கினாள். "ஐப்பசி வரைக்கும் போட்டு வைக்க அது என்ன ஊறுகாயா சார்? அது பாட்டுக்கு வருது, நான் என்ன செய்ய?"

அப்போது ஒரு யோசனை வந்தது. அதைச் சொன்னது நான்தான். வேறு யார் மேலும் அதைப் போட விரும்பவில்லை. எங்கள் அம்மன் கொடைத் திருவிழாவில் பத்து நாளும் பத்து மண்டகப்படி. ஒருநாள் மளிகைக்கடைக்காரர்கள், ஒருநாள் தையல்காரர்கள், ஒருநாள் எண்ணெய்ச் செக்குக்காரர்கள் என்று ஆளுக்கொரு நாள் பொறுப்பெடுத்து, அம்மனுக்கு அன்றைய அலங்காரம், பூஜை, பொங்கல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். யார் மேலும் பாரம் விழாது, எல்லோருக்கும் பங்கு உண்டு, யாருடைய நாள் சிறப்பாக இருந்தது என்கிற பெருமையும் உண்டு. வெயிலுகந்தாளுக்கும் அதேபோல மண்டகப்படி வைத்துவிட்டால் என்ன என்றேன். ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தார் பொறுப்பெடுத்து, அன்றைக்கு அவள் சந்தோஷப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.  கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். மஞ்சள் தடவிய தாளில் பட்டியல் எழுதிக் கோயில் தூணில் ஒட்டினோம். அவள் கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

எங்களைக் கொடுமைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், நாங்கள் அவளை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்றன்றைய மண்டகப்படிக்காரர் வீட்டிலிருந்து காலையில் பொங்கலும் இரண்டு வடையும் அவளுக்குப் போய்விடும். உப்புக் குறைவாகப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். தியேட்டருக்குப் போனால் டிக்கெட் கிழிக்கிறவர் மரியாதையாக எழுந்து நின்று, "கடைசியில அவன் செத்துருவான்மா, தங்கச்சிதான் காட்டிக் குடுத்தவ" என்று சொல்லிவிட்டு உள்ளே விடுவார். ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் பல்லவி முடிகிறவரை விட்டுவிட்டு, சரணம் தொடங்குகிற நேரம் பார்த்து அணைப்போம், முழுசாக அணைத்துவைப்பதைவிட அதுதான் நன்றாக வேலை செய்தது. ஹாக்கி ஆட்டத்துக்கு அவளை உள்ளே விடவில்லை. மதில் சுவருக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள், போகிறவர் வருகிறவரிடம் என்னாச்சு என்பாள், எல்லோரும் தோற்றுவிட்டோம் என்றே சொன்னோம். உள்ளே ஆரவாரம் கேட்கும்போதும் அப்படியே சொன்னோம். செக்குக்காரர்கள் தங்கள் நாளில் நீளமான தொரட்டியோடு போய் வேப்ப மரங்களில் பூ விரிவதற்கு முன்னால் மொட்டுகளையெல்லாம் உதிர்த்துவிட்டார்கள். தையல்காரர்கள் அதைவிடச் சிறப்பாகச் செய்ய நினைத்து வாகையையே வெட்டினார்கள். குயிலுக்குத் தகரம் தட்டினோம்.

அவளோ விடாமல் எதையாவது கண்டுபிடித்தாள். ஒருநாள் ஆபீஸ் சுவரில் விழுந்த வெயில் கட்டத்துக்குள் ஒரு எறும்பு லேபில் துண்டை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து ஒரு தூறல் போட்டுவிட்டாள். ஒருநாள் பசை காய்ச்சுகிற வாசனை. ஒருநாள் ஒன்றுமே இல்லை, காற்று அடித்தது, அவ்வளவுதான். நாங்கள் எறும்பு மருந்து வாங்கினோம், பசையில் வேப்பெண்ணெய் கலந்தோம், ஜன்னலை அடைத்தோம். "எங்க மண்டகப்படியில ஒரு பொட்டுத் தூறல் விழுந்துச்சான்னு கேட்டுப் பாரு" என்று ஆண்கள் டீக்கடையில் பெருமை பேசினார்கள். சங்கரலிங்கத்துக்குக் கோயிலில் முதல் வெற்றிலை கிடைத்தது. அவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

லேபில் பெண்களுக்கும் ஆளுக்கொரு முறை உண்டு, தாயம்மாவுக்கும் ஒரு நாள் வந்தது. அவள் கணவன் மருந்துப் புகையில் நெஞ்சு கெட்டுக் கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்தான், இரண்டு பெண்பிள்ளைகள், இவள் ஒட்டுகிற லேபிலில்தான் குடும்பம். தன்னுடைய மண்டகப்படி அன்று அவள் வெயிலுகந்தாளின் காதருகே குனிந்து, பசையைத் தேடுகிற மாதிரி, "அடுத்த கோப்பைக்கு அரையிறுதியில செயிச்சிட்டோம்ட்டி, மூணுக்கு ஒண்ணு" என்று சொல்லிவிட்டாள். வெயிலுகந்தாள் வாய்க்குள் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு, கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கி, கண்ணில் தண்ணீர் வர அடக்கிப் பார்த்தாள். ஆபீஸ் கிணற்றுக்கு மேலே மட்டும் ஒரு கை அகலத்துக்குப் பெய்தது. நான் பார்த்தேன். பார்த்ததைச் சொல்வதுதான் என் வேலை. தாயம்மாவுக்கு மூன்று மாதம் பதினாறு ஆபீசிலும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று மாதத்தில் அவள் பெண்பிள்ளைகள் அடுத்த தெருவில் சோற்றுக்கு நின்றதை நானே என் கண்ணால் பார்த்தேன், என் வீட்டிலும் நின்றார்கள், கொடுத்தோம்.

அவள் திரும்பி வந்தபோது வெயிலுகந்தாளிடம் வெளியே எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒருதடவை தூறிக்கொண்டுதான் இருந்தது, எதனால் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. தாயம்மாவிடம் மட்டும் அவள் சொல்லியிருந்தாள்: "அந்த ஞானதுரை அடிச்ச கோல் இருக்குல்ல தாயம்மா, கண்ண மூடுனா அது வந்துருது. மொதல்லருந்து ஓட விட்டுப் பாப்பேன். அவன் மட்டையத் திருப்புவான் பாரு, அதுல நிறுத்தி வச்சுக்கிடுவேன்." அவளிடமிருந்து நாங்கள் எடுக்க முடியாத இடத்தில் அந்த ஒரு கோலை வைத்திருந்தாள்.

தாயம்மாவின் அடுத்த முறை வந்தபோது முதலாளி அவளைக் கூப்பிட்டு, "இந்தத் தடவ எப்பிடி?" என்று மட்டும் கேட்டார். அன்று மத்தியானம், நாற்பது பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தாயம்மா தன் தூக்குச்சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வெயிலு, அன்னைக்கு நான் தண்ணிக்குடத்தோட வலைக்குப் பின்னாலதான நின்னேன். அந்தப் பந்து மட்டையில படல. ஞானதுரை கால்ல பட்டுத்தான் உள்ள போச்சு. நடுவர் பாக்கல. கால்ல பட்டா அது கோலே கெடையாதுல்ல. அவனே பொறகு எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சான்."

ஞானதுரை வேலை கிடைத்து வடக்கே போய் வெகுநாளாயிற்று, யாரும் அவனைக் கேட்க முடியாது. வெயிலுகந்தாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "கால்லயா?" என்று ஒருதடவை கேட்டாள். தாயம்மா தலையாட்டினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு முள்ளுச்செவலில் ஒரு சொட்டு விழவில்லை. அந்த வருஷம் தாயம்மாவின் மண்டகப்படிதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று கோயிலில் அவளுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்தாள் என்று தெரியவில்லை.

குச்சி நன்றாகக் காய்ந்தது. பதினாறு ஆபீஸ் இருபத்தொன்று ஆயிற்று. ஐப்பசி வந்தது, அந்த நாலு நாள் தூறலும் வரவில்லை. அதுவும் அவளுடையதாகத்தான் இருந்திருக்கிறது, நாங்கள்தான் காலம் காலமாகப் பெய்கிற மழை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் வருஷம் கிணறுகளில் வாளி மண்ணில் இடித்தது. மூன்றாம் வருஷம் மருந்து கலக்கக்கூடத் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீர் உப்பாக வந்தது, குடித்த குழந்தைகளுக்கு வயிற்றால் போயிற்று, என் பேத்தி ஒன்று அதில் போய்விட்டது. அவளுக்கு இரண்டு வயது, மழை நிற்பதற்கு முன்னால் அவளுக்குப் பெயர் வைத்த நாளில் வெயிலுகந்தாள் வந்து தாலாட்டுப் பாடி ஒரு மழையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நான் அழுதேன். அழுதுகொண்டேதான் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன்.

தூணில் புதுத் தாள் ஒட்டினோம். இனிமேல் அதே முறைப்படி, அதே கூட்டத்தார், அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும். இதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை, அவளும் எதுவும் கேட்கவில்லை. வறண்ட கண்மாய்க் கரையில் பந்தல் போட்டு, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கண்மாய்க்குள்ளேயே கோடு கிழித்து ஹாக்கி ஆடிக் காட்டினோம். பெரிய வெள்ளைத் துணி கட்டி, அவள் கடைசிக் காட்சி தெரிந்துகொண்ட படங்களை எல்லாம் மறுபடி ஓட்டினோம். பக்கத்து ஊரிலிருந்து மெல்லிசைக் குழு வந்து, நாங்கள் பாதியில் அணைத்த பாட்டுகளை எல்லாம் முழுசாகப் பாடியது. தையல்காரர்கள் காகிதத்தில் வாகைப் பூ செய்து வெட்டிய கட்டையில் ஒட்டினார்கள், செக்குக்காரரின் மகன் குயில் மாதிரிக் கூவினான். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அவள் முன்னங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகக் கை தட்டினாள். நன்றாக இருந்தது என்றாள். ஒரு மயிர்கூட அசையவில்லை.

"வேணும்னே செய்றா" என்றார்கள். "திமிரு" என்றார்கள். அண்ணன் மனைவி அவளை ஊர் நடுவில் வைத்துக் கேட்டாள், "ஊரே ஒனக்காக ஆடிக்கிட்டுக் கெடக்கு, நல்ல மனசு இருந்தா ஒரு சிரிப்புச் சிரிக்கக் கூடாதா?" வெயிலுகந்தாள் சிரித்தாள். பல் எல்லாம் தெரிந்தது, பார்க்கப் பாவமாக இருந்தது.

நாற்பதாம் நாள் அய்யலுசாமி முதலாளி அவளை வணங்கி மாலை போடுவதற்காகப் பந்தலுக்கு வந்தவர், விரிப்பில் கால் தட்டிக் குப்புற விழுந்தார். வேட்டி ஒருபக்கம் போயிற்று, முன்பல் இரண்டு உடைந்து, வாய் நிறைய மண்ணும் ரத்தமுமாக நாலு காலில் எழுந்திருக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. நான் பழக்க தோஷத்தில் கையைப் பார்த்தேன். முன்னங்கை மயிர் குத்திட்டு நின்றது. பந்தல் ஓலையில் படபடவென்று நாலு சொட்டு விழுந்தது. முதலாளி அப்படியே மண்டியில் இருந்தபடி வானத்தைப் பார்த்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, "அப்ப சரிதான்" என்றார்.

மூன்றாவது தடவையாகத் தாள் ஒட்டினோம். யாரும் வாதாடவில்லை, தாகம் வந்துவிட்டால் வாதாடத் தோன்றாது. முதல் முறைக்காரர்கள் வந்து அவள் முன்னால் விழுந்து காட்டினார்கள், நல்ல தூறல் கிடைத்தது. பழகப் பழக அது போதவில்லை. தையல்காரர் தன் மிஷினைத் தானே சம்மட்டியால் உடைத்தார், அரைமணி நேரம் பெய்தது. வாத்தியாரை அவர் மாணவர்கள் செருப்பால் அடித்தார்கள், கிணறுகளில் ஒரு முழம் ஏறியது. பிறகு விழுந்தால் போதாது, அடிபட வேண்டியிருந்தது. பிறகு அடிபட்டாலும் போதாது, அடிபட்டவனின் பிள்ளை பக்கத்தில் நின்று அதைப் பார்க்க வேண்டியிருந்தது. வெயிலுகந்தாள் எங்கள் காலில் விழுந்தாள், வேண்டாம் என்றாள், தன்னைக் கொன்றுபோடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள், சத்தம் கேட்டாலே போதும் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம். காதைப் பொத்தினாள், நாலு பெண்கள் மெதுவாக, வலிக்காமல், கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் பந்தலில் நானும் அவளும் மட்டும் இருந்தபோது கேட்டேன், "ஏம்மா, உள்ளுக்குள்ள எப்பிடி இருக்கு?"

"இனிக்குது அண்ணாச்சி" என்றாள். "பழைய மாதிரியேதான் இனிக்குது. எனக்கு அதான் பயமா இருக்கு."

எனக்கு அன்றைக்கு ஓடிப்போய்விடலாம் என்று தோன்றியது. ஓடவில்லை, கண்மாயில் கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது, அதை விட்டுவிட்டு எங்கே போவது.

தாயம்மாவின் முறை பங்குனிக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது. கரையில் ஊர் முழுக்கக் குடங்களோடு வரிசையாக நின்றது, அவளுடைய இரண்டு பெண்களும் நின்றார்கள். முந்தின முறைக்காரர் தன் விரலையே வெட்டிக் காட்டியிருந்தார், ஆகவே இவள் என்ன கொண்டுவருவாள் என்று எல்லோரும் தாயம்மாவின் கையைப் பார்த்தோம். தாயம்மா வெறுங்கையோடு வந்தாள். நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, லேபில் ஒட்ட உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, "வெயிலு, அந்தக் கோல் கால்ல படலட்டி" என்றாள்.

வெயிலுகந்தாள் அவளையே பார்த்தாள்.

"நான் சொன்னது பொய்யி. புள்ளைக பசிக்குப் பயந்து சொன்னேன். மட்டையிலதான் பட்டுச்சு. நான் பின்னாலதான நின்னேன், எனக்கு நேராத்தான வந்துச்சு. திருப்பிப் பிடிச்சு அடிச்சாம் பாரு, பந்து வெள்ளையா எந்திரிச்சு வந்து, என் மூஞ்சிக்கு முன்னால வலையில மோதி நின்னுச்சு. நெசமான கோல். ஒன் கோல்தான்ட்டி அது, ஒண்ணும் ஆவல." அவள் எழுந்து நின்று, ஞானதுரை ஓடின மாதிரி ஓடி, இல்லாத மட்டையைத் திருப்பி, அடித்தும் காட்டினாள்.

நான் குனிந்து வெயிலுகந்தாளின் கையைப் பார்த்தேன். நான் ஆசைப்பட்டேன், சத்தியமாக ஆசைப்பட்டேன், இதற்குச் சிலிர்த்துவிட வேண்டும், இதற்குப் பெய்துவிட வேண்டும் என்று. முன்னங்கை வழவழவென்று படிந்து கிடந்தது.

"சரி தாயம்மா" என்றாள் வெயிலுகந்தாள். "நீ சொன்னது சந்தோஷம். நானும் கண்ண மூடிப் பாக்கேன். அவன் ஓடுறது தெரியுது, அடிக்கிறது தெரியுது, உள்ள போறதும் தெரியுது. அதுக்கென்னன்னு இருக்கு."

தாயம்மாவுக்கு முதலில் புரியவில்லை. இன்னும் ஒருதடவை ஓடிக் காட்டப் போனவள் பாதியில் நின்றாள். அவள் முகம் கோணியது, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு, "நான் தின்னுட்டனே, பாவி, மிச்சமிருந்த ஒண்ணையும் நானே தின்னுட்டனே" என்று அந்தக் கரையே அதிர அழுதாள்.

அப்போது கை சிலிர்த்தது. அதுவரை நான் பார்த்த எந்தச் சிலிர்ப்பும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை, தோள் வரைக்கும் ஏறியது, கழுத்தில் ஏறியது. மழை கொட்டியது, மூன்று வருஷத்து மழையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது போலக் கொட்டியது. வெயிலுகந்தாள் ஒரு கையால் இன்னொரு கையை அமுக்கிக்கொண்டு, "அழாத தாயம்மா, அழாதட்டி, என்னால முடியல, நிப்பாட்டு" என்று கெஞ்சினாள். தாயம்மா அதைக் கேட்டாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்து, அழுகையை விழுங்கப் பார்த்தாள். மழை மெலிந்தது.

நான் முக்காலியிலிருந்து எழுந்து கண்மாயை எட்டிப் பார்த்தேன். படித்துறையில் பன்னிரண்டு படி, தண்ணீர் ஏழில்தான் நின்றது. பின்னால் ஊர் முழுக்கக் குடத்தோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தாயம்மா, நிப்பாட்டிறாத" என்று கத்தினேன். "இன்னும் அஞ்சு படி இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். வரிசையில் நின்ற தன் இரண்டு பெண்களையும் பார்த்தாள். பிறகு வாயிலிருந்த சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு, வெயிலுகந்தாளின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.